யார் பேரில் வண்டி

1

எங்கள் ஊர்ப்பக்கம் புது ஆளைப் பார்த்தால் "நீங்க யாரு வீடு?" என்று கேட்பார்கள். இங்கே சரக்கு லாரியிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. உரிமையாளர் பெயர், முகவரி, காலி வண்டி எத்தனை கிலோ, சுமையோடு எத்தனை கிலோ எல்லாவற்றையும் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது பக்கத்து லாரிக் கதவுகளைப் படித்துக்கொண்டே இருப்பேன். இருபத்தைந்து வருடத்தில் நான் ஒழுங்காகப் படித்த மலாய் அவ்வளவுதான்.

என் லாரியின் கதவில் சரஸ்வதி என்று எழுதியிருந்தது. என் மனைவி. பாகான் டாலாமில் பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெயர் மட்டும் தினமும் விடியற்காலையில் புக்கிட் மெர்தாஜாம் தாண்டிப் போய், வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி லிட்டில் இந்தியாவில் இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தது. அதுதான் என் தொழில். இலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இலை போடுகிறேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். கொல்லையில் இருப்பதை அறுத்துக்கொடுக்க ஒருவன் கப்பலேறிப் போனானா என்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் லாரியைச் சோதனைக்கு விட்டேன். சோதனைக்காரர் அடித்தட்டில் ஒரு திருப்புளியை வைத்து லேசாகக் குத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் திருப்புளியைப் பார்த்தேன். இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் இத்தனை வருடமாகத் தின்ற இரும்பு. புதிதாக ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை என்று எனக்கே தெரிந்தது.

2

இங்கே இந்த மாதிரி வேலைகளுக்கு ரன்னர் என்று ஒருவர் வேண்டும். சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் நடுவில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர். என் ரன்னர் சாகுல் அண்ணன். அறுபதைத் தாண்டிய மனிதர். அவருடைய தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவராம். லிட்டில் இந்தியாவில் ஜெராக்ஸ் கடை ஒன்றின் வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார். அதுதான் அலுவலகம். மேசையின் ஒரு கால் குட்டை. மடித்த படிவங்களை அடியில் முட்டுக்கொடுத்திருப்பார்.

என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, ஒங்களது ஐசி மேரா. சரக்கு பெர்மிட்டுக்கு பீரு வேணும்லா. ஒங்க பேர்ல போட்டா கவுண்டர்லயே திருப்பி விட்ருவான்."

மேரா என்றால் சிவப்பு. பீரு நீலம். நீல அட்டைக்காரர் குடிமகன், சிவப்பு அட்டைக்காரர் நிரந்தரமாகத் தங்கலாம், அவ்வளவுதான். நிரந்தரம் என்ற வார்த்தையை அட்டையில் போட்டுவிட்டு, நீலம் கேட்டால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று கடிதம் அனுப்புவார்கள். என்னிடம் அப்படி மூன்று கடிதங்கள் இருக்கின்றன. மூன்றிலும் முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது.

"அக்கா பேர்ல இருந்துச்சு, சரி. இப்ப மக இருக்குல்ல? மக பேர்ல போடுங்க. செனாங்லா. ஒரு பிரச்சினையும் இல்ல."

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

"இதுல யோசிக்க என்னா இருக்கு தம்பி? சொந்தப் புள்ள."

நான் பேச்சை மாற்றி எண் பலகைக்குப் போனேன். நம் ஊரில் இப்போது வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் மஞ்சள் பலகை, சொந்த வண்டி என்றால் வெள்ளை. சரசு பேரில் பழைய லாரி வாங்கியபோது, ஊருக்குப் போய்வந்த பழக்கத்தில் "மஞ்சள் போர்டு எங்கே மாட்டித் தருவார்கள்?" என்று சாகுல் அண்ணனிடமே கேட்டேன். அவர் ஜெராக்ஸ் கடைப் பெண்ணையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். இங்கே லாரிக்கும் கருப்புப் பலகை, வெள்ளை எழுத்து, கார்க்காரனுக்கும் அதேதான். பலகையைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. அதனால்தான் கதவில் எழுதச் சொல்கிறார்களோ என்னவோ.

எண் எடுக்க இரண்டு வழி. வரிசையில் அடுத்து எது வருகிறதோ அதைத் தலையெழுத்தே என்று வாங்கிக்கொள்ளலாம். பிடித்த எண் வேண்டுமென்றால் ஏலத்தில் கேட்கலாம். ஏலம் இப்போது கைப்பேசியிலேயே நடக்கிறது. வண்டி யார் பேரிலோ அவர்தான் கேட்க வேண்டும். நான் முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கூட்டினால் ஐந்தோ ஆறோ வரவேண்டும். சீனர் கடைக்கும் இலை போடுவதால் நாலு இருக்கக்கூடாது, நாலு அவர்களுக்குச் சாவு. எக்காரணம் கொண்டும் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது.

சாகுல் அண்ணன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கு எல்லா நம்பரும் ஆண்டவன் குடுத்ததுதான். ஆனா தம்பி, லாரி பேர் யாருதுன்னு முடிவு பண்ணாம நம்பரப் பத்தி இவ்வளவு கவலப்படுற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

மனிதர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

3

ஏன் சுருக்கென்றது என்று சொல்ல வேண்டும். அறந்தாங்கிப் பக்கம் இதைப் படிக்கும் சிலருக்கு நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

அண்ணன் செல்லத்துரை ஆறாவதோடு நின்று, லாரியில் கிளீனராகப் போனவர். அப்புறம் டிரைவர் ஆனார். நான் பத்தாவது தேறிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததற்கு அப்போது ஒரு மதிப்பு இருந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு மானியத்தோடு வங்கிக் கடன் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், சான்றிதழ் இல்லை. எனக்குச் சான்றிதழ் இருந்தது, கியர் எது பிரேக் எது என்று தெரியாது. என் பேரில் கடன் போட்டு ஒரு டெம்போ எடுத்தோம். ஆர்.சி. புத்தகமும் என் பேரில்.

வண்டி எண் 3518. வந்த அன்றைக்கே டீக்கடையில் ஒருவர் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தார். மூன்றும் ஐந்தும் எட்டு, ஒன்றைச் சேர்த்தால் ஒன்பது, எட்டைச் சேர்த்தால் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. "சனி நம்பருப்பா, மாத்திருங்க" என்றார். அண்ணன் டீயைக் கீழே வைக்காமலே, "வண்டிய ஓட்டப்போறது நானா, எட்டா?" என்று கேட்டார்.

ஓட்டியது அவர்தான். கடலை மூட்டை, தேங்காய், கல்யாணப் பாத்திரம் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினார். தவணை கட்டியது அவர், டயர் மாற்றியது அவர். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பில் எழுதினேன். நாலு வருடத்தில் கடன் அடைந்து, புத்தகம் வங்கியிலிருந்து என் கைக்கு வந்தது.

அந்த மாதம்தான் ஒரு ஏஜென்ட் மலேசியாவில் மாவு மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணிக்கு அது தலைப்பிரசவம், தாய்வீடு மணமேல்குடி. அண்ணன் மூன்று நாள் அங்கே போயிருந்தார். ஏஜென்டுக்குக் கட்டப் பணம் வேண்டும், அந்த மூன்று நாளில் நான் வண்டியை விற்றேன். என் பேர், என் கையெழுத்து. யாரையும் கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை.

பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு அண்ணன் திரும்பி வந்தார். வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடா?"

"வித்துட்டேண்ணே."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இத்தனை வருடம் சுமந்திருக்க மாட்டேன். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் நான், "ராசியில்லாத வண்டி, கூட்டினா எட்டு, அதான் தள்ளிவிட்டோம்" என்று சொன்னேன். 'விட்டோம்' என்று பன்மையில் சொன்னேன். அப்புறம் எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் எட்டைக் கண்டால் ஒதுங்குகிறேன்.

அண்ணன் அதன்பிறகு சொந்தமாக வண்டி வாங்கவில்லை. இன்னொருவர் லாரிதான் ஓட்டுகிறார். அம்மா இறந்தபோது போயிருந்தேன். எனக்குச் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார். பேசவில்லை.

4

என் மகள் மலருக்கு இருபத்து மூன்று வயது. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதால், அடுக்குமாடிக்குப் பக்கத்திலிருந்த மலாய்ப் பள்ளியில் போட்டோம். தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு பஸ்ஸுக்குச் சோம்பியதன் பலன், என் மகளுக்குத் தமிழில் அவள் பெயரைத் தவிர எதையும் படிக்கத் தெரியாது. பேசுவாள். பாதியில் மலாய் வரும், கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். தூக்கத்தில் என்ன மொழியில் உளறுகிறாள் என்று சரசு ஒருமுறை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மலாய்தாங்க" என்று வந்து சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

லாரியை மலர் பேரில் போடுவதென்று முடிவு செய்தேன். வேறு யார் பேரில் போடுவது? ஆனால் படுத்தால் அந்த எண்ணெய்க் கறைதான் வந்தது. பெயர் வைத்திருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நாளைக்குக் கல்யாணம் ஆகும். மாப்பிள்ளை ஒன்று சொல்வான். சிங்கப்பூரில் வேலை கிடைக்கும். ஒரு கையெழுத்து போதும், நான் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாள் எடுத்து எழுதினேன். 'என் பெயரில் பதிவாகும் லாரியை என் தகப்பனார் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' தமிழில்தான் எழுதினேன். மலாயில் எழுத வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலர் பசியாறிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது?"

"லாரி விஷயமா ஒரு பேப்பர்."

"சாகுல் மாமா குடுத்தாங்களா? எங்க சைன் போடணும்?"

விரலைக் காட்டினேன். ரொட்டி சானாய் எண்ணெய் படாமல் கையைத் துடைத்துக்கொண்டு, அழகாக ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொரு முறை கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஏலப் பட்டியலையும் அவளிடமே கொடுத்திருந்தேன். ஐந்து நாள் கழித்து, சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியை நீட்டினாள்.

"கெடச்சிருச்சுப்பா! நம்மளுதுதான்!"

பி என்று ஆரம்பிக்கும் மூன்று எழுத்து. பக்கத்தில் 3518.

திரும்பவும் படித்தேன்.

"என் லிஸ்ட்ல இது இல்லையேம்மா."

"லிஸ்ட்ட நான் பாக்கவே இல்லலா. ஒங்க பேங்க் கார்டு பின் நம்பர் இதுதானே? ஃபோன் லாக் இதுதானே? பாஸ்போர்ட் கவர்ல வச்சிருக்கிற அந்தப் பழைய வேன் ஃபோட்டோ, அதுலயும் இதுதானே? சின்னப் புள்ளயில காட்டுவீங்களே, 'அப்பா ஊர்ல சொந்தமா வண்டி வச்சிருந்தேன்'னு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நானே என் காசுல போட்டேன். இன்னும் ரெண்டு பேரு கேட்டானுங்க, விடலையே! ஆனா ஒண்ணு, இனிமே ஊருக்கே தெரியும். பின் நம்பர மாத்திரணும்."

அவள் சொன்னதெல்லாம் உண்மை. எட்டைக் கண்டு ஒதுங்குகிறவன், இருபத்தைந்து வருடமாகப் பணம் எடுக்கவும் கைப்பேசி திறக்கவும் அதே எண்ணைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். மறக்காத எண் வேறு எதுவும் என்னிடம் இல்லை. அதைப் பிடித்த எண் என்று பிள்ளை நினைத்ததில் என்ன தப்பு?

"நல்லாருக்கும்மா" என்றேன். சரசு இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

5

பலகை செய்து தருகிற கடைக்காரர் வயதான சீனர். எண்ணைத் தாளில் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நொம்போர் பாகூஸ்!" என்று என் தோளில் தட்டினார். நல்ல எண்ணாம். கடைசி மூன்று இலக்கம் அவர்கள் பாஷையில் செழிப்பாக வருவேன் என்று சொல்கிற மாதிரி இருக்குமாம். எங்கள் டீக்கடையில் ஒருவர் விரல் மடக்கித் தள்ளிவைத்த எண், இங்கே ஒருவர் விரல் நீட்டி வாழ்த்துகிற எண். நான் "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு, பலகையை முன்னாலும் பின்னாலும் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கதவு வேலை. இப்போதெல்லாம் பெயிண்டால் எழுதுவதில்லை, எழுத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். மலர் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பெயரின் எழுத்துகளை ஒட்டுக்காரர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். அவள் பலகையைப் பலவிதமாகப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது.

"தேனு அக்கா, ம்ம், பக்கத்துலதான் இருக்காங்க." என்னிடம் நீட்டினாள். "ஒங்க அண்ணன் மக. பெரியப்பா பேசணுமாம்."

தேன்மொழி, அந்த மூன்று நாளில் பிறந்த குழந்தை. இரண்டு பேரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்கிறார்களாம். எனக்குத் தெரியாது. கைப்பேசியை வாங்கினேன்.

"நீதானா?"

"ஆமாண்ணே."

"நம்பரப் பாத்தேன். தேனு காட்டுச்சு."

நான் எடுக்கவில்லை, பிள்ளை தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று வாய்வரை வந்தது. அதையும் மறுபடி யார் தலையிலாவது போடுகிறேனே என்று விழுங்கினேன்.

"எத்தன டன் ஏத்தும்?"

"ஒரு டன்னுண்ணே. வாழையிலதான் ஏத்துறேன்."

"எலைக்கு அது போதும்." பின்னால் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. "வண்டி யார் பேர்ல இருக்கு?"

"மக பேர்லண்ணே."

"எழுதி கிழுதி வாங்கியிருக்கியா?"

பர்ஸ் தொடையை அழுத்துகிற மாதிரி இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம், ஆயிரத்து ஐநூறு மைல் தூரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவரிடம் இன்னொரு பொய்க்கு இடமில்லை.

"வாங்கியிருக்கேண்ணே."

"நான் ஒங்கிட்ட வாங்கலடா."

கோபம் இல்லை. குத்தல்கூட இல்லை. எண்ணெய் மாற்றவில்லை, காற்று பார்க்கவில்லை என்று சொல்கிற மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்னார். "சரி, லோடு எறக்கிட்டாங்க. வைக்கிறேன். பிரேக்கு புதுசு, பாத்து மிதி" என்று வைத்துவிட்டார்.

ஒட்டுக்காரர் கடைசி எழுத்தைத் துணியால் தேய்த்துவிட்டு, சரியா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கதவில் என் மகள் பெயர் பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே எங்கள் முகவரி, அதற்குக் கீழே எடை.

"பெரியப்பா என்னப்பா சொன்னாங்க? ஏன் ஒங்க மொகம் இப்பிடி இருக்கு?"

பர்ஸிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். அவள் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது என்ன தாள் என்று தெரிந்தது. வாசித்துக் காட்டினேன். 'உறுதி கூறுகிறேன்' என்பது அவளுக்குப் புரியவில்லை, அதற்கு மட்டும் மலாயில் அர்த்தம் சொன்னேன். அவள் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நான் லாரிய வித்துருவேன்னு நெனச்சீங்களா?"

"ஒன்ன நெனச்சு எழுதலம்மா" என்றேன். "நான் வித்தவன்."